ரோமில் 3 நாள், 6 பேர்: எதற்குக் கைடு வேண்டும், எதற்கு வேண்டாம்?

கொங்குப்பயணி கேட்டது:

வணக்கம்ங்க. ஜூன் 1 திங்கள் இரவு குடும்பத்தோட ரோம் போய்ச் சேர்றோம். 5ஆம் தேதி வெள்ளி மதியம் ஊருக்கு விமானம். சுத்திப் பார்க்கச் செவ்வாய், புதன், வியாழன் மூணு முழு நாள் கையில இருக்கு.

ஆறு பேர். அப்பாவுக்கு 71 வயசு, முழங்கால் வலி. அரை மணி நேரம் நடந்தா உட்கார்ந்தே ஆகணும். அம்மாவுக்கு 66, சுத்த சைவம், முட்டையும் ஆகாது. அப்புறம் நான், மனைவி, 12 வயசு மகள், 5 வயசு மகன்.

ஒரே நாள்ல காலையில வாட்டிகன், மதியம் கொலோசியம், மொத்தம் 8 மணி நேரம், கூடவே கைடுன்னு ஒரு டூர் காட்டுறாங்க. 'ஸ்கிப் தி லைன்' என்றும் போட்டிருக்கு. அது வேண்டாம்னா செவ்வாய் கொலோசியம், புதன் வாட்டிகன், வியாழன் மாடி பஸ்ஸுன்னு நாங்களே பிரிச்சுக்கலாமான்னு யோசனை. எது சரியா வரும்? எல்லா இடத்துக்கும் கைடு தேவையா? பையனுக்குத் தள்ளுவண்டி (ஸ்ட்ரோலர்) கொண்டுவரலாமா?

டைபர்கரை:

முதலில் தேதிகள். நீங்கள் பிரித்த இரண்டு நாளும் இடிக்கிறது.

ஜூன் 2 இத்தாலியின் குடியரசு தினம். கொலோசியத்திலிருந்து பியாட்சா வெனேசியா வரை போகும் வியா தேய் ஃபோரி இம்பீரியாலி சாலையில்தான் ராணுவ அணிவகுப்பு. காலையில் அந்தப் பகுதி முழுவதும் தடுப்பு போட்டிருப்பார்கள், கொலோசியோ மெட்ரோ நிலையத்தில் ரயில் நிற்காது. போதாததற்கு அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் அணிவகுப்பு கலைந்த பிறகு வரும் கூட்டம் சாதாரணமாக இருக்காது. புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு நடக்கும். அது முடியும்வரை, பெரும்பாலும் நண்பகல் தாண்டும்வரை, புனித பேதுரு பேராலயத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

ஆகவே மாற்றிப் போடுங்கள்: செவ்வாய் வாட்டிகன், புதன் கொலோசியமும் அதன் பக்கத்திலுள்ள ஃபோரமும் (பழைய ரோமின் மையச் சதுக்கத்து இடிபாடுகள்). வாட்டிகன் தனி நாடு. இத்தாலியின் குடியரசு தினம் அதைக் கட்டுப்படுத்தாது.

அந்த 8 மணி நேர டூரை விட்டுவிடுங்கள். வாட்டிகன் அருங்காட்சியகத்துக்குள் மட்டும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஒரே திசையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வழியில் உட்கார இடம் குறைவு, பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டே வரும், பாதியில் திரும்புவதும் எளிதல்ல. அது முடிந்து மதிய வெயிலில் கொலோசியம் என்றால் அப்பாவுக்கும் முடியாது, சின்னவனுக்கும் முடியாது. குழுவில் நீங்கள் பின்தங்கினால் கைடு காத்திருக்கவும் வழியில்லை, ஏனென்றால் அடுத்த இடத்தின் நுழைவு நேரம் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். குடும்பத்துக்கு ஒரு நாளில் ஒரு கைடு டூர், அதுவும் 3 மணி நேரத்துக்குள். இதற்கு மேல் வேண்டாம்.

'ஸ்கிப் தி லைன்' என்றால் சீட்டு வாங்கும் வரிசை இல்லை, அவ்வளவுதான். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாருக்கும் உண்டு. இரண்டு இடத்திலும் விமான நிலையம் மாதிரி பையை எந்திரத்தில் விடுவார்கள். கூட்ட நாட்களில் அதற்கே அரை மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொலோசியம் சீட்டில் பெயர் இருக்கும். 2023 அக்டோபரிலிருந்து வாசலில் பெயரை அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் சிக்குவது இங்கேதான். சீட்டில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி' என்று இருந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். இனிஷியல் போடாதீர்கள். கிவன் நேம், சர்நேம் இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் அப்படியே கொடுங்கள். யாருக்காவது சர்நேம் காலியாக இருந்தால், அந்தப் பெட்டியில் என்ன போட வேண்டும் என்று முன்பதிவுக்கு முன்பே டூர் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஆறு பாஸ்போர்ட்டும் அசலாக உடன் வர வேண்டும், குழந்தைகளுடையதும் சேர்த்து.

அரசின் இணையதளத்தில் கொலோசியம் சீட்டு 30 நாள் முன்பு திறக்கும், நல்ல நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த நாட்டுக்காரர் ஆனாலும் இலவசம். ஆனால் இலவசச் சீட்டையும் பெயர் கொடுத்துப் பதிவு செய்தாக வேண்டும். 'பிள்ளைகளுக்குக் காசு கிடையாதே' என்று பெரியவர்களுக்கு மட்டும் வாங்கினால் வாசலில் மாட்டிக்கொள்வீர்கள். வாட்டிகன் கணக்கு வேறு: மகனுக்கு இலவசம், மகளுக்குச் சலுகைச் சீட்டு வாங்க வேண்டும்.

சாதாரணச் சீட்டில் கொலோசியத்தின் முதல் இரண்டு தளம், ஃபோரம், பாலத்தைன் குன்று எல்லாம் அடக்கம். அரீனா தளமும் (சண்டை நடந்த களம்) நிலத்தடியும் வேண்டுமானால் வேறு சீட்டு. நிலத்தடியில் படிகள் உண்டு, தள்ளுவண்டி ஆகாது; உங்கள் குடும்பத்துக்கு அது தேவையில்லை. மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. அப்பாவுக்கு லிஃப்ட் வேண்டும் என்று கைடிடம் முதல் நிமிடமே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் குழு செங்குத்தான படியில் ஏறத் தொடங்கிவிடும்.

ஆறு பேர் என்பதால் தனிக் கைடின் கட்டணத்தையும் விசாரியுங்கள். குழு டூர் தலைக்கு 60 யூரோ என்றால் ஆறு பேருக்கு 360 ஆகிறது. தனிக் கைடு பொதுவாகத் தலைக்கணக்கு பார்ப்பதில்லை, நேரக்கணக்குதான். நுழைவுச் சீட்டு தனி. இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். அப்பா உட்கார வேண்டும் என்றால் உட்காரலாம், மகன் சிறுநீர் என்றால் நிற்கலாம். அதற்காகவே அந்தக் காசு தகும். இத்தாலியில் கைடு வேலைக்கு உரிமம் கட்டாயம்; படம் ஒட்டிய அட்டை கழுத்தில் தொங்கும். கொலோசியம் மெட்ரோ வாசலிலும் வாட்டிகன் மதிலோரத்திலும் 'இப்போதே உள்ளே போகலாம்' என்று கையைப் பிடிப்பவர்களிடம் நிற்கவே வேண்டாம்.

நிலாமுற்றம்:

டைபர்கரை சொன்ன தேதி மாற்றம் ரொம்ப முக்கியம். பெரியவங்க, குழந்தைங்க விஷயத்தை நான் சேர்க்கிறேன்.

வாட்டிகன்ல சக்கர நாற்காலி இலவசமா தருவாங்க, ஒரு அடையாள ஆவணத்தைக் கொடுத்து வாங்கணும். அப்பா 'எனக்கு எதுக்கு அது'ன்னு சொல்வார். கூச்சப்படாம வாங்கிடச் சொல்லுங்க. ஆனா நாற்காலி லிஃப்ட் இருக்கிற வழியா சுத்திப் போகும், குழு போற வழி வேற. பதிவு பண்ணும்போதே டூர்க்காரங்ககிட்ட எழுதிச் சொன்னாத்தான் அதுக்கேத்த கைடு வருவாங்க.

சந்திக்கிற இடத்தை வரைபடத்துல ரெண்டு தடவை பாருங்க. அருங்காட்சியகத்தோட வாசல் வடக்கு மதில்ல, வியாலே வாட்டிகானோ தெருவுல இருக்கு. புனித பேதுரு சதுக்கம் வேற பக்கம். மதிலைச் சுத்தி நடந்தா கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். 'வாட்டிகன்'னு மட்டும் சொல்லி டாக்ஸி பிடிச்சு சதுக்கத்துல இறங்கி, 8 மணி டூரைத் தவறவிடறது அடிக்கடி நடக்குது. மெட்ரோ ஏ லைன்ல ஓத்தாவியானோ நிலையத்துல இறங்கினா வாசலுக்குப் பத்து நிமிஷ நடை.

பெரிய பை, நீளக் குடை எடுத்துப் போகாதீங்க. உள்ளே நுழையும்போதே பொருள் காப்பறையில வைக்கச் சொல்வாங்க. டூர் பேராலயத்துல முடிஞ்சா அந்தப் பைக்காக மறுபடி அருங்காட்சியக வாசலுக்கு நடக்கணும். சிஸ்டின் சேப்பல்ல இருந்து பேராலயத்துக்கு நேராப் போற கதவும் சில நாள் அடைச்சிருக்கும், அந்த வழியில படியும் உண்டு. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

உடை: தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், ஆம்பளைங்களுக்கும் இதே விதிதான். அம்மா புடவைக்குப் பிரச்சினையே இல்லை, கையில்லாத ஜாக்கெட் மட்டும் வேண்டாம். மகளுக்கு ஒரு மெல்லிய துப்பட்டா பையில இருக்கட்டும்.

கைடு பேசறது கேட்கக் காதுல மாட்டற ரேடியோ கருவி கொடுப்பாங்க. ஒத்தைக் காதுல தொங்கற அந்த மாட்டி சின்னப் பசங்க காதுல நிக்காது. வீட்டுல பழைய ஒயர் இயர்ஃபோன் இருந்தா ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் போங்க, 3.5 மி.மீ. பின் பெரும்பாலான கருவியில பொருந்தும். வாங்கின உடனே சேனல் எண்ணை வாய்விட்டுச் சொல்லி ஆறு பேரும் சரிபாருங்க. பக்கத்துல இன்னொரு குழுவோட கைடு பேசறதைப் பாதி வழி வரைக்கும் கேட்டுட்டே போறவங்க உண்டு. தடிச்ச சுவருக்குப் பின்னால போனா சத்தம் அறுந்துடும். அறுந்தா கைடை விட்டு விலகிட்டோம்னு அர்த்தம்.

தள்ளுவண்டி: ரோம் பழைய தெருவெல்லாம் சாம்பியெத்ரினின்னு சொல்ற கருங்கல் பதிச்சது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல விரல் போற இடைவெளி. குடை மாதிரி மடிக்கிற வண்டியோட சின்னச் சக்கரம் அதுல மாட்டி, முன்பக்கமாக் குப்புறச் சாயும். கொண்டுவந்தா பெரிய சக்கரம் உள்ளதாக் கொண்டுவாங்க, குழந்தைக்கு வார் கட்டாயம் போடுங்க. ஃபோரத்துல இன்னும் மோசம். ரோமர் காலத்துப் பெரிய பெரிய கற்பாளம். அங்கே வண்டியே வேண்டாம்.

தண்ணிக்குக் காசு கொடுக்காதீங்க. நகரம் முழுக்க 2,500 அளவுக்குக் குடிநீர்க் குழாய் இருக்கு. நாசோனின்னு பேர், பெரிய மூக்குன்னு அர்த்தம். இடுப்பு உயரத்துக்கு வார்ப்பிரும்புத் தூண், வளைஞ்ச மூக்குல ராத்திரி பகலா சில்லுன்னு தண்ணி விழும். பாட்டிலை அடியில பிடிங்க. நேராக் குடிக்கணும்னா மூக்கு நுனியை விரலால அடைங்க, வளைவு மேல இருக்கிற சின்ன ஓட்டை வழியா தண்ணி வளைஞ்சு வாய்க்கு வரும். பசங்களுக்கு ஒரு தடவை காட்டினாப் போதும், அப்புறம் அவங்களே தேடிக் கண்டுபிடிப்பாங்க.

அம்மா சாப்பாடு. 'வெஜிடேரியன்'னு சொன்னாப் போதாது, 'சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா' (கறி, மீன், முட்டை இல்லாம) அப்படின்னு சொல்லுங்க. கார்போனாரா, அமத்ரிச்சானா பாஸ்தா ரெண்டுலயும் பன்றிக் கொழுப்பு. வெளியே சோத்து உருண்டை மாதிரி தெரியற சுப்ளீல பெரும்பாலும் கறிச்சாறு இருக்கும். பூசணிப்பூ பொரிச்சதைப் பார்த்தா நம்ம பஜ்ஜி மாதிரியே இருக்கும். உள்ளே சீஸோட நெத்திலி வச்சிருப்பாங்க. கையால செஞ்ச புது பாஸ்தாவுல பெரும்பாலும் முட்டை சேரும், காய்ஞ்ச பாஸ்தாவுல பெரும்பாலும் சேராது. பெக்கொரீனோ, பர்மெசான் சீஸ் ரெண்டும் கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி இரைப்பையில இருந்து எடுக்கிற உறையை ஊத்திச் செய்யறது. அம்மா அதுவும் பார்ப்பாங்கன்னா சீஸே வேண்டாம். தைரியமா சாப்பிட பித்சா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், வேற ஒண்ணும் இல்லை. முட்டை சேராத காய்ஞ்ச பாஸ்தாவுல தக்காளிச் சாறும் சரி.

உணவகம் மதியம் 3 மணிக்கு மூடினா ராத்திரி 7:30 வாக்குலதான் திறக்கும். டூர் 2 மணிக்கு முடிஞ்சா அந்த இடைவெளியில மாட்டிப்பீங்க. 'பித்சா அல் தாலியோ' கடையில எந்த நேரமும் கிடைக்கும். எவ்வளவு வேணும்னு கையால அளவு காட்டினா கத்தரிக்கோலால வெட்டி, எடை போட்டுத் தருவாங்க.

கொங்குப்பயணி:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். தேதி விஷயம் தெரியாமலே பதிவு பண்ணியிருப்போம். செவ்வாய் வாட்டிகன், புதன் கொலோசியம்னு மாத்திட்டோம். இன்னும் ரெண்டு சந்தேகம். கைடு ஒரு இடத்துக்குத்தான் வைக்க முடியும்னா எதுக்கு வைக்கலாம்? மகள் கல்லைக் காட்டினா சலிச்சுக்குவா. அப்புறம் வியாழக்கிழமை மாடி பஸ் சரியா?

பழங்காசு:

ஒரே இடம் என்றால் ஃபோரத்துக்கு வையுங்கள். பலரும் கொலோசியத்துக்குக் கைடு வைத்துவிட்டு ஃபோரத்தில் தாங்களாகச் சுற்றுகிறார்கள். அது தலைகீழ். கொலோசியம் பார்த்தாலே புரிகிற கட்டடம். ஃபோரத்திலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் கட்டடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சொல்ல ஆளில்லாவிட்டால் பத்து நிமிடத்தில் உடைந்த தூண் காடாகத் தெரியும். முன்பதிவின்போது 'கொலோசியம் 45 நிமிடம், ஃபோரம் ஒன்றரை மணி, பாலத்தைன் குன்று வேண்டாம்' என்று தனிக் கைடிடம் கேளுங்கள். பாலத்தைன் ஏற்றம் அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது.

மகளுக்குக் கல்லைக் காட்டாதீர்கள், தேடவிடுங்கள். கொலோசியத்தின் தரைத்தளத்தில் 80 வளைவுகள், நான்கு முக்கிய வாசல்கள் தவிர மற்ற ஒவ்வொன்றின் மேலும் ரோமன் எண். வெளிச்சுவர் உயரமாக நிற்கும் வடபுறத்தில் 23 முதல் 54 வரையிலான எண்கள் இன்னும் இருக்கின்றன. அன்றைய நுழைவுச் சீட்டில் இந்த எண்தான் இருக்கும். அவற்றில் 38க்கும் 39க்கும் நடுவிலுள்ள வளைவின் மேல் மட்டும் எண் செதுக்கவில்லை, அது பெரிய மனிதர்கள் நுழைந்த வாசல். அந்த எண்ணில்லாத வளைவை அவளாகக் கண்டுபிடிக்கட்டும். சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள் ஏன் என்றும் கேட்பாள். கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போன தடம் அது.

ஃபோரத்தில் அன்டோனைனஸ், ஃபௌஸ்டினா கோயில் முன் நிறுத்துங்கள். கி.பி. 141இல் தொடங்கிய கோயில், பிறகு தேவாலயமாக மாறியது. அதன் பச்சைக் கதவு தரையிலிருந்து பல அடி உயரத்தில், படியே இல்லாமல் தொங்கும். கதவை வைத்த காலத்தில் ஃபோரம் மண்மூடி மேடாகியிருந்தது, கதவு அன்றைய தரைமட்டத்துக்கு வைத்தது. பிறகு மண்ணைத் தோண்டி எடுத்ததும் கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு மண் மூடியிருந்தது என்பதைக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அங்கிருந்து சில நிமிட நடையில் மாக்சென்ஷியஸ் பசிலிக்கா என்ற பழைய ரோமர் பொது மண்டபத்தின் பெரிய வளைவுகள். கைடிடம் 'ஹோரியா பிப்பரடாரியா எங்கே' என்று கேளுங்கள். மிளகுக் கிடங்கு என்று பொருள். முதல் நூற்றாண்டின் கடைசியில் டொமிஷியன் மன்னன் கட்டிய கிடங்கு. அதன்மேல்தான் 4ஆம் நூற்றாண்டில் பசிலிக்கா எழுந்தது. முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து யவனர் ஏற்றிப்போன மிளகு வந்து குவிந்த இடம். நீங்கள் கோவைப் பக்கம் என்று பெயரே சொல்கிறது. வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் இந்த வணிகத்தின் மறுமுனை. கிளம்பும் முன் மகளுக்கு அந்தக் காசுகளின் படத்தைக் காட்டிவிடுங்கள். சுற்றுலாக் கைடுகள் பொதுவாக இந்த இடத்தில் நிற்பதில்லை, நீங்களாகக் கேட்டால்தான் காட்டுவார்கள்.

அப்பா ஃபோரத்துக்குள் நடக்க முடியாத நிலை வந்தால், காம்பிடோலியோ குன்றின் பின்பக்கத்திலிருந்து ஃபோரம் முழுவதும் கீழே விரிந்து தெரியும், கட்டணம் இல்லை. கைடை அங்கேயே ஒரு கால் மணி நேரம் நின்று விளக்கச் சொல்லலாம்.

டைபர்கரை:

வியாழக்கிழமைக்கு மாடி பஸ் வேண்டாம். பந்தியோன் (பழைய ரோமர் கோயில்), திரேவி நீரூற்று, நவோனா சதுக்கம் மூன்றும் பஸ் நுழைய முடியாத சந்துகளுக்குள் இருக்கின்றன. பஸ் உங்களை விளிம்பில் இறக்கிவிடும், அப்பா அங்கிருந்து நடக்கத்தான் வேண்டும். ஜூன் மதியத்தில் கூரையில்லாத மேல்தட்டில் உட்காரவும் முடியாது. செவ்வாய் மாலை 6 மணிக்கு மேல் ஒரு முழுச் சுற்று, இறங்காமல் போய்வர மட்டும் அது நல்லது. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

வியாழனுக்கு ஓட்டுநரோடு வரும் மின்சார கோல்ஃப் வண்டி டூர் பாருங்கள். சந்துக்குள் போகும், வாசலருகே நிற்கும். ஆறு பேரும் ஒரே வண்டியில் ஏற முடியுமா, 5 வயதுக்காரனுக்கு இருக்கை பெல்ட் உண்டா என்று இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். காலை 8:30க்குத் தொடங்கினால் திரேவியில் கூட்டம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். பந்தியோனுக்கு 2023 ஜூலையிலிருந்து நுழைவுச் சீட்டு உண்டு, தொடங்கியபோது 5 யூரோ. அங்கே கைடு தேவையே இல்லை. உள்ளே போய் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். தரையிலிருந்து உச்சித் துவாரம் வரை உள்ள உயரமும் குவிமாடத்தின் குறுக்களவும் ஒன்றே, 43 மீட்டர் சொச்சம். ஸ்பானியப் படிகளில் களைப்பாக இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். 2019 முதல் தடை, அபராதம் போடுவார்கள்.

மெட்ரோவிலும் 64ஆம் எண் பஸ்ஸிலும் ஜேப்படி அதிகம். கதவு மூடும் நொடியில்தான் கை நீளும். கொலோசியம் நாளில் ஆறு பாஸ்போர்ட்டும் உங்களிடம் இருக்கும், சட்டைக்குள் கட்டும் பையில் வையுங்கள், முதுகுப்பையில் அல்ல. ஒரு தடவைச் சீட்டு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும், அதற்குள் மெட்ரோ ஒரு முறைதான். மகனுக்குச் சீட்டு வேண்டாம், 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

நீங்கள் கேட்காத ஒன்று, வெள்ளிக்கிழமை. இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெள்ளியன்றுதான் வைப்பார்கள், தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். நகரப் பஸ்ஸும் மெட்ரோவும் அப்போதும் காலை 8:30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் ஓடும். புதன்கிழமையே விடுதி வரவேற்பில் 'வெனெர்தி ஷோப்பெரோ?' (வெள்ளி வேலைநிறுத்தமா?) என்று கேட்டுவிடுங்கள். நகர மையத்திலிருந்து ஃபியூமிசீனோ விமான நிலையத்துக்கு டாக்ஸிக் கட்டணம் மாநகராட்சி நிர்ணயித்தது, தலைக்கணக்கு இல்லை, பெட்டிகளுக்குத் தனிக் காசும் இல்லை. ஆனால் சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான் ஏறலாம். ஆறு பேருக்குப் பெரிய வண்டி வேண்டும் என்று வியாழன் மாலையே விடுதியில் சொல்லி வையுங்கள்.